தலையில் அடிபட்டு வீடு திரும்பியவரின் வயிற்றைக் கவனிப்பது எப்படி

தலைக்காயத்துக்கு வைத்தியம் முடிந்து டிஸ்சார்ஜ் ஆகும்போது ஒரு பெரிய கவர் கொடுப்பார்கள். சிடி ஸ்கேன் படம், மாத்திரைச் சீட்டு, ரிவ்யூ தேதி எல்லாம் அதில் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து தையலைப் பார்ப்பார்கள். "நான் யாரு, சொல்லு பாப்போம்" என்று ஞாபகத்தைச் சோதிப்பார்கள். வெளிக்குப் போனாரா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. என்னிடம் யோசனை கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பதே அதுதான்.

வேலூரில் நரம்பியல் வார்டுகளில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது சத்துவாச்சாரியில் இருக்கிறேன். என் அக்கா மகன் ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறான். நைட் ஷிஃப்ட் முடிந்து வரும்போது பைபாஸில் வண்டியோடு விழுந்தான். ஹெல்மெட் பெட்ரோல் டேங்க் மேல் இருந்தது. மூளையில் ரத்தக்கசிவு, ஐசியூ, அப்புறம் வார்டு. பிழைத்து வந்தான். அவனை என் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்ட முறையையும், வார்டில் கற்றதையும் சேர்த்துத்தான் இங்கே எழுதுகிறேன். மருந்து விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதே முடிவு.

தலையில் பட்ட அடி வயிற்றை என்ன செய்யும்?

மூளைத்தண்டில் புறப்பட்டு, கழுத்து, மார்பு வழியாக வயிறு வரை இறங்குகிற ஒரு நரம்பு இருக்கிறது. பெயர் வேகஸ். அதன் இழைகளில் ஏறக்குறைய 80 சதவீதம் குடலில் நடப்பதை மூளைக்குச் சொல்பவை. மிச்சம்தான் மூளையின் உத்தரவைக் கீழே கொண்டுபோகிறவை. தலையில் பலமாக அடிபட்டதும் இந்தப் போக்குவரத்து குழம்பிவிடுகிறது. கூடவே உடம்பில் நார்அட்ரினலின் என்ற பதற்ற ஹார்மோன் பெருகுகிறது. குடலுக்குப் போகும் ரத்தம் குறைகிறது, குடலின் அசைவு மந்தமாகிறது, உள்சுவரின் செல்களுக்கு நடுவே உள்ள இறுக்கம் தளர்கிறது. குடலில் குடியிருக்கும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்களுக்கு அதுவரை இருந்த சூழலே மாறிப்போகிறது. சில வகைகள் குறைகின்றன, சில வகைகள் பெருகுகின்றன.

இது எவ்வளவு சீக்கிரம் நடக்கிறது என்பதுதான் எனக்கு ஆச்சரியம். எலிகளில் செய்த ஒரு ஆய்வில், மூளையில் அடிபட்டு 2 மணி நேரத்துக்குள்ளேயே பாக்டீரியாக் கலவை மாறத் தொடங்கியிருந்தது. மனிதர்களிலும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஹியூஸ்டனில் கல்லூரிக் கால்பந்து வீரர்கள் 33 பேரை ஒரு சீசன் முழுக்கப் பின்தொடர்ந்த ஆய்வு 2022-ல் வெளிவந்தது. அவர்களுடைய கால்பந்து, தலையோடு தலை மோதுகிற ஆட்டம். மூளை அதிர்ச்சி ஏற்பட்டவர்களின் மலத்தில் யூபாக்டீரியம் ரெக்டேல், அனேரோஸ்டைப்ஸ் ஹாட்ரஸ் என்ற 2 வகைகள் குறைந்திருந்தன. இரண்டுமே நார்ச்சத்தைத் தின்று பியூட்டிரேட் என்ற அமிலத்தைத் தருகிறவை. பெருங்குடல் சுவரின் செல்களுக்கு அதுதான் முக்கிய எரிபொருள். ஆனால் அந்த 33 பேரில் மூளை அதிர்ச்சி உறுதியானது 4 பேருக்குத்தான். அவ்வளவு சின்ன எண்ணிக்கையை வைத்துக்கொண்டு யாராவது உங்களிடம் மருந்து விற்க வந்தால் வாங்காதீர்கள்.

டெக்சாஸில் இன்னொரு ஆய்வு, 2020-ல் வந்தது. தலைக்காயம் பட்டுப் பல வருடம் ஆகி, பராமரிப்பு இல்லங்களில் வாழ்கிறவர்களைப் பார்த்தார்கள். அதே இல்லத்தில் அதே சாப்பாட்டைச் சாப்பிடும் மற்றவர்களின் பாக்டீரியாக் கலவையிலிருந்து இவர்களுடையது அப்போதும் வேறுபட்டிருந்தது. அதனால்தான், "ஆஸ்பத்திரியில் இருந்தப்போ வயிறு சரியில்லை, வீட்டுக்கு வந்தா சரியாயிடும்" என்று நான் விட்டுவிடுவதில்லை.

கீழே போன கோளாறு திரும்ப மேலேயும் வருகிறது. தளர்ந்த குடல்சுவர் வழியாக பாக்டீரியாவின் துணுக்குகள் ரத்தத்தில் கலந்தால், மூளையில் ஏற்கெனவே இருக்கும் அழற்சி தூண்டப்படும். விலங்குகளில் இதைத் தெளிவாகக் காட்டியிருக்கிறார்கள்.

அடி மட்டும்தான் காரணம் என்றும் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்ற நாம் கொடுப்பதெல்லாம் குடலின் மேலும் வேலை செய்கிறது. ஆன்டிபயாட்டிக் கெட்டது நல்லது என்று பார்த்துக் கொல்வதில்லை. டிரமடால் போன்ற வலி மருந்து குடலை இறுக்கும். பலமான தலைக்காயத்தில் இரைப்பையில் புண் வரும் என்று அமெரிக்க மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் 1932-லேயே எழுதினார். அந்தப் பயத்தில், அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் போடுகிறோம். போடத்தான் வேண்டும். ஆனால் அமிலம் குறைந்தால் வாயிலிருக்கும் கிருமிகள் சாகாமல் குடல் வரை இறங்கிவிடும். பட்டினி, படுக்கை, மூக்கு ட்யூப் எல்லாம் இதோடு சேர்கின்றன.

முதல் வேலை: ஒரு நோட்டு

ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் போதும். தினமும் எழுத வேண்டியது: மோஷன் போன நேரம், எப்படி இருந்தது, எவ்வளவு தண்ணீர் குடித்தார், என்ன சாப்பிட்டார், வாந்தி உண்டா, வயிறு உப்பியிருக்கிறதா. 'எப்படி இருந்தது' என்று எழுத டாக்டர்கள் பிரிஸ்டல் அட்டவணை வைத்திருக்கிறார்கள். அதில் 7 வகை உண்டு. புழுக்கை புழுக்கையாகப் போவது 1, தண்ணீராகப் போவது 7. நடுவில் 3, 4 வந்தால் நிம்மதி. "பரவாயில்லை சிஸ்டர், கொஞ்சம் போனாரு" என்று சொல்வதைவிட "மூன்று நாளாக 1" என்று காட்டினால் டாக்டருக்குச் சட்டென்று புரியும்.

நோட்டை எழுதுபவர் ஒருவராகவே இருக்கட்டும். அண்ணி காலையிலும் மாமியார் மாலையிலும் பார்த்துக்கொள்ளும் வீடுகளில், அவர் எழுதியிருப்பார் என்று இவரும், இவர் எழுதியிருப்பார் என்று அவரும் விட்டுவிடுவார்கள்.

மலச்சிக்கல்

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முக்கும்போது தலைக்குள் அழுத்தம் ஏறும். மூளையில் வீக்கமோ அறுவை சிகிச்சையோ இருந்தவருக்கு அது நல்லதல்ல. வார்டில் மோஷன் இளக்கும் சிரப்பை நாங்கள் மறக்காமல் கொடுத்ததற்குக் காரணம் அதுதான். அடைபட்டுக் கிடக்கும் குடலில் பாக்டீரியாக் கலவையும் கெடும். இரண்டுக்கும் ஒரே வைத்தியம்தான்.

காலைச் சாப்பாடு முடிந்து அரை மணி நேரத்துக்குள் உட்கார வையுங்கள். இரைப்பை நிறைந்ததும் பெருங்குடல் தானாக அசையும். அந்த நேரத்தை விட்டுவிடாதீர்கள். பெட்பேனில் படுத்தபடி போவது யாருக்குமே கஷ்டம். பிசியோதெரபிஸ்ட் உட்காரலாம் என்று சொல்லிவிட்டால் கமோடு நாற்காலிக்கு மாறுங்கள். கால் அந்தரத்தில் தொங்காமல் ஒரு முக்காலி போடுங்கள். வெட்கப்படுகிற ஆள் என்றால் கதவைச் சாத்திவிட்டு வெளியே நில்லுங்கள், ஆனால் தாழ்ப்பாள் வேண்டாம்.

மோஷன் இளக்கும் லாக்டுலோஸ் சிரப் எழுதிக் கொடுத்திருந்தால் கொடுங்கள். அது செரிக்காமல் பெருங்குடல் வரை போய், அங்கே பாக்டீரியாவுக்கு உணவாகும். முதல் சில நாள் காற்று பிரியும், பயப்பட வேண்டாம். தண்ணீரில் கலந்து குடிக்கும் இசப்கோல் என்ற நார்ப்பொடி வேறு விஷயம். விழுங்கச் சிரமப்படுகிறவருக்கும் தண்ணீர் குறைவாகக் குடிக்கிறவருக்கும் அது தொண்டையிலோ குடலிலோ உப்பி அடைத்துக்கொள்ளும். கேட்காமல் கொடுக்காதீர்கள். தண்ணீரிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. தலைக்காயத்துக்குப் பிறகு சிலருக்குச் சோடியம் குறையும். தண்ணீரை அளந்து கொடுக்கச் சொல்லியிருப்பார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் அப்படி எழுதியிருந்தால், மலச்சிக்கல் என்று செம்பு செம்பாக ஊற்றக் கூடாது.

மூன்று நாள் போகவில்லை என்றால் போன் செய்யுங்கள். எனிமாவை நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம்.

அடுத்து ஒரு ஏமாற்று. என் அக்கா மகனுக்கே நடந்தது. ஒரு வாரமாக இறுகிக் கிடந்தவன் திடீரென்று தண்ணீராகப் போக ஆரம்பித்தான். அக்கா உடனே பேதியை நிறுத்தும் மாத்திரை வாங்க மெடிக்கலுக்கு ஆள் அனுப்பப் பார்த்தாள். அவனோ, "சித்தி, வயிறு இன்னும் கல்லு மாதிரிதான் இருக்கு" என்றான். உள்ளே கெட்டியாக அடைத்திருக்கும்போது, மேலிருந்து வரும் தண்ணீர் மட்டும் சுற்றி வழிந்து வெளியே வரும். பார்க்கப் பேதி போலவே இருக்கும். அந்த நேரத்தில் பேதியை நிறுத்தும் மாத்திரை போட்டால் அடைப்பு இன்னும் இறுகும். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, தன்னை அறியாமல் கசிகிறது, வயிறும் உப்பலாக இருக்கிறது என்றால் முதலில் டாக்டர் கை வைத்துப் பார்க்கட்டும்.

உண்மையான பேதியாக இருந்தால்? ஆன்டிபயாட்டிக் சாப்பிட்ட சில வாரங்களுக்குள் நாளைக்கு மூன்று தடவைக்கு மேல் தண்ணீராகப் போனால், காய்ச்சலும் வயிற்று வலியும் சேர்ந்தால், குளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசைல் என்ற கிருமியாக இருக்கலாம். நல்ல பாக்டீரியா அழிந்த இடத்தைப் பிடித்துக்கொள்வது அது. மலப் பரிசோதனை தேவை. அதன் வித்துகள் சானிடைசருக்குச் சாகாது. பார்த்துக்கொள்கிறவர்கள் சோப்புப் போட்டுத் தண்ணீரில்தான் கை கழுவ வேண்டும்.

வாந்தியை வயிற்றுக் கோளாறு என்று நினைக்காதீர்கள்

தலையில் அடிபட்டவர் திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால் அது மூளையின் அறிகுறி என்று எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். "நேத்து பிரியாணி ஒத்துக்கலை" என்று ஓம வாட்டர் கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. தூக்கம் அதிகமாவது, தலைவலி ஏறுவது, வலிப்பு, ஒரு கண்மணி பெரிதாவது, மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் வடிவது, இதில் எது இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். மலம் தார் நிறத்தில் பிசுபிசுப்பாக, கெட்ட நாற்றத்தோடு போனால் இரைப்பையில் ரத்தம் கசிகிறது. அதற்கும் உடனே போக வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவருக்கும் கறுப்பாகப் போகும், ஆனால் தார் போலப் பிசுக்கு இருக்காது. சந்தேகம் வந்தால் போய்விடுவதே நல்லது.

சாப்பாடு

எங்கள் ஜில்லாச் சாப்பாட்டில் குடல் பாக்டீரியாவுக்கு வேண்டியது எல்லாமே இருக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 11 கிராம் நார்ச்சத்து. தீட்டிய வெள்ளை அரிசியில் 3 கிராம்கூட வராது. ஆனால் ஒரு பெரிய 'ஆனால்' இருக்கிறது. தலைக்காயத்துக்குப் பிறகு பலருக்கு விழுங்குவது சரியாக இருக்காது. சாப்பிடும்போது இருமுவது, குரல் ஈரமாகக் கரகரப்பது, வாயில் சோறு ஒதுங்கி நிற்பது எல்லாம் அதற்கான அடையாளம். இப்படி இருந்தால் முதலில் ஸ்பீச் தெரபிஸ்ட் பார்க்கட்டும். விழுங்கும் சோதனையையும் அவர்கள்தான் செய்வார்கள்.

அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியம்மா, கணவருக்குக் களி உருண்டை கொடுக்கலாமா என்று கேட்டார். களி ஒட்டும், நம்மவர்கள் அதை மெல்லாமல் குழம்பில் தோய்த்து அப்படியே முழுங்குவார்கள். தொண்டை தளர்ந்தவருக்கு அதைவிட ஆபத்தான சாப்பாடு வேறில்லை. பழைய சோறும் அப்படித்தான். நீராகாரம் ஒரு வேகத்தில் ஓடும், பருக்கை ஒரு வேகத்தில் போகும். அந்த இரட்டை வேகத்தில்தான் புரை ஏறும். இரண்டையும் விழுங்கும் சோதனை முடிந்து சரி என்று சொன்ன பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அதுவரை, வாயால் கொடுக்கலாம் என்று சொல்லியிருந்தால், கூழ். கேழ்வரகு மாவை முந்தின நாளே கரைத்துப் புளிக்க வையுங்கள். நொய்யை நன்றாகக் குழைய வேகவிட்டு, புளித்த மாவை ஊற்றிக் கிளறி இறக்குங்கள். கொதிக்கும்போது புளிப்பைத் தந்த கிருமிகள் செத்துவிடும், ஆனால் நார்ச்சத்து இருக்கும். ஆறியதும் வீட்டுத் தயிர் சேர்த்து மிக்ஸியில் ஒரு சுற்று விட்டால், கட்டி இல்லாமல் ஒரே பதமாக வரும். தயிரின் பாக்டீரியாவும் உயிரோடு போய்ச் சேரும். கரண்டியைச் சாய்த்தால் ஓடாமல் மெதுவாக நழுவி விழுகிற பதம் வேண்டும். சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொள்வது இப்போதைக்கு வேண்டாம்.

சோற்றை ஆறவைத்துச் சாப்பிடுவதிலும் பலன் உண்டு. வெந்த அரிசி ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பங்கு செரிக்காத வடிவத்துக்கு மாறி, பெருங்குடல் பாக்டீரியாவுக்கு உணவாகும். இந்த வகை மாவுச்சத்தின் பலனைக் காட்டிய ஒரு பெயர்பெற்ற ஆய்வு எங்கள் ஊரிலேயே நடந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.) பி.எஸ். ராமகிருஷ்ணாவும் உடன் பணிபுரிந்தவர்களும், காலரா நோயாளிகளுக்கு ஓ.ஆர்.எஸ். கரைசலோடு செரிக்காத மக்காச்சோள மாவுச்சத்தைச் சேர்த்துக் கொடுத்தார்கள். பேதி குறைந்தது, சீக்கிரமும் நின்றது. 2000-ல் வெளிவந்தது அந்த ஆய்வு. இந்தியாவின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறையை 1949-ல் டாக்டர் ஜேக்கப் சாண்டி தொடங்கியதும் அதே சி.எம்.சி.யில்தான். தலையும் வயிறும் ஒரே ஊரில்! சரி, விஷயத்துக்கு வருவோம். சோற்றை ஆறவிட்டு ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் நன்றாகச் சூடாக்கிக் குழைத்து, கை பொறுக்கும் சூடு வந்ததும் தயிர் விட்டுப் பிசையுங்கள். சித்திரை வெயிலில் சோற்றை வெளியே வைத்துவிட்டு மறுநாள் மதியம் கொடுப்பது வேண்டாம்.

இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் கிடைத்தால் தோலோடு குழைய வேகவைத்து மசியுங்கள். முருங்கைக் கீரையை நார் எடுத்து மசிக்க வேண்டும். பப்பாளி நல்லது, கொய்யா நல்லதுதான், ஆனால் விதை தொண்டையில் சிக்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் ஆரம்பித்தால் வயிறு உப்பிவிடும். இரண்டு மூன்று நாளைக்கு ஒன்றாகச் சேருங்கள். சாப்பிடும்போது நேராக உட்கார வைத்து, முடிந்தபின் அரை மணி நேரம் படுக்க விடாதீர்கள். பல்லும் நாக்கும் காலை இரவு சுத்தம் செய்ய வேண்டும். அமிலம் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இது இரண்டு மடங்கு முக்கியம்.

மூக்கு ட்யூப் இருந்தால்

தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்கட்டும். வீட்டில் அரைத்துக் கொடுக்கும் கஞ்சியை அவ்வப்போது செய்து, வடிகட்டிக் கொடுங்கள். வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் கொட்டிவிடுங்கள். முன்னும் பின்னும் கொதித்து ஆறிய தண்ணீர் விட்டு ட்யூபைக் கழுவ வேண்டும். வலிப்புக்கு ஃபெனிட்டாய்ன் கொடுப்பவர்கள், ஃபீடுக்கும் மருந்துக்கும் எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். இரண்டும் சேர்ந்தால் மருந்து உடம்பில் சரியாக ஏறாது. சிரப் மருந்துகளில் இனிப்புக்காகச் சேர்க்கும் சார்பிட்டால்கூடப் பேதி உண்டாக்கும். பேதி வந்தால் கஞ்சியை மட்டும் குறை சொல்லாமல் மருந்துப் பட்டியலையும் காட்டுங்கள்.

புரோபயாடிக்

மெடிக்கலில் கேட்டால் பொட்டலமும் குப்பியுமாக எடுத்து வைப்பார்கள். ஐசியூவில் இருக்கும் தலைக்காய நோயாளிகளுக்குப் புரோபயாடிக் கொடுத்துத் தொற்று குறைந்ததாகச் சொல்லும் ஆய்வுகள் இருக்கின்றன, ஆனால் சிறியவை. மூளை தேறுகிறது என்று காட்டிய சோதனைகளில் பெரும்பாலானவை எலிகளில் நடந்தவை. இதற்காக மாதம் ஆயிரக்கணக்கில் செலவழிப்பதை நான் ஆதரிப்பதில்லை. அந்தக் காசுக்குப் பாலும் கீரையும் கேழ்வரகும் வாங்கலாம்.

டாக்டர் எழுதிக் கொடுத்தால் கொடுங்கள். ஆன்டிபயாட்டிக்கோடு சேர்க்காமல் 2 மணி நேரம் இடைவெளி விடுங்கள். கழுத்து ரத்தக்குழாயில் மருந்து ஏற்ற லைன் (ட்யூப்) போட்டிருக்கும் நோயாளியின் பக்கத்தில் ஈஸ்ட் வகைப் பொட்டலத்தைப் பிரிக்கவே கூடாது. சாக்கரோமைசஸ் என்று அட்டையில் போட்டிருக்கும். தூள் கையில் ஒட்டி, லைன் வழியாக ரத்தத்தில் கலந்து, அதுவே தொற்றான சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு எந்தப் புரோபயாடிக்கும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

ரிவ்யூவுக்குப் போகும்போது

நோட்டையும், சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள். ஊரில் யாரோ கொடுத்த சூரணமாக இருந்தாலும் அதையும் வையுங்கள். மூன்று கேள்வியை நோட்டின் கடைசிப் பக்கத்தில் முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள்: பான்டோபிரசோல் இன்னும் எத்தனை நாள் வேண்டும், வலி மாத்திரையைக் குறைக்கலாமா, ஆன்டிபயாட்டிக் எந்தத் தேதியோடு முடிகிறது. ஐசியூவில் ஆரம்பித்த அமில மாத்திரையை யாரும் நிறுத்தச் சொல்லாததால் வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், கேட்காமல் தொடரவும் வேண்டாம். வலிப்பு மாத்திரை மட்டும், கேள்வி கேட்டாலும் கேட்காவிட்டாலும், ஒரு வேளைகூடத் தவறக் கூடாது.